இரண்டாவது பிரேக்கும் ஒரு கூச்ச மீனும்

கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியின் வண்டியில் இரண்டு பிரேக் இருக்கும். ஒன்று கற்றுக்கொள்கிறவரின் காலடியில். இன்னொன்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாஸ்டரின் காலடியில். நம் மாஸ்டரின் வண்டியில் முதல் பிரேக்கை யாரும் மிதித்து அவர் பார்த்ததில்லை. மிதிக்க விட்டால்தானே பார்ப்பதற்கு.

நூறடி தள்ளி ஒரு நாய் ரோட்டைக் கடக்கலாமா என்று யோசிக்கத் தொடங்கினாலே போதும், மாஸ்டரின் வலது கால் கீழே போய்விடும். கூடவே வாயும் திறக்கும். "பார்த்து! பார்த்து! பயப்படாதீங்க!" என்று அவர் போடும் சத்தத்தில், அதுவரை பயப்படாமல் இருந்தவருக்குக்கூட ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கும்பிடத் தோன்றும். இருபத்தாறு வருடத்தில் மூவாயிரம் பேருக்குப் பயத்தைப் போக்கியிருப்பதாக அவர் சொல்லிக்கொள்வார். கணக்கு அவருடையது, நாம் எண்ணிப் பார்க்கவில்லை. கற்றுக்கொள்கிறவர்கள் முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'ரெண்டாம் பிரேக்கு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் எட்டியது. பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

வீட்டில் மிதிப்பதற்குப் பெடல் இல்லை. அந்தக் குறையை வாய் தீர்த்து வைத்தது. மனைவி அடுப்படியில் பால் பாத்திரத்தைக் கையில் எடுத்த உடனே "பால்! பால்!" என்பார். பால் அப்போது பாக்கெட்டில்தான் இருக்கும். மகள் மாடியிலிருந்து இறங்கினால் "படி! படி!" என்பார். மகளுக்கு இருபது வயது. நடக்கப் பழகியதே அந்தப் படிகளில்தான். இதையெல்லாம் வைத்து அவரைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. யாருக்காவது அடிபட்டுவிடுமோ என்ற பதைப்பு அவருக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. பாசம்தான். ஆனால் அந்தப் பாசம் வீட்டில் ஒருவரையும் ஒரு வேலையையும் முழுசாகச் செய்ய விடவில்லை.

மனைவிக்கும் ஒரு காலத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறார். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், மூன்றே மூன்று நாள். மூன்றாம் நாள் அந்த அம்மாள் வண்டியை நடு ரோட்டில் நிறுத்தினார், சாவியை உருவி அவர் கையில் வைத்தார், வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டார். யார் வீட்டுக்கு வந்தாலும் மாஸ்டர் இந்தக் கதையைச் சொல்லாமல் விட்டதில்லை. "சிலருக்குக் கை வராது சார். பயம் ரத்தத்துலயே இருக்கும்," என்று முடித்துவிட்டு அவரே முதல் ஆளாகச் சிரிப்பார். மனைவியும் லேசாகச் சிரித்துவிட்டு டீ எடுத்து வரப் போய்விடுவார்.

சொந்தக் கார் ஒன்று வீட்டு வாசலில் நின்றது. வாரம் முழுவதும் பள்ளி வண்டியில் சுற்றுகிறவர் ஞாயிற்றுக்கிழமைதான் அதைத் தொடுவார், அதுவும் கழுவுவதற்கு. சில மாதங்களாக அந்தக் காரில் ஒரு தொல்லை. ஓட்டுகிறவர் சீட்டு தானாக முன்னால் நகர்ந்து வந்துவிடுகிறது. பின்னால் பார்க்கும் கண்ணாடியும் தலை குனிந்து நிற்கிறது. "பழைய வண்டி, சீட்டோட தண்டவாளம் தேஞ்சுபோச்சு," என்று அவரே கண்டுபிடித்து, இரண்டு தடவை திருகாணியை இறுக்கினார். பிறகு மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் திட்டினார். மெக்கானிக், சீட்டில் ஒரு கோளாறும் இல்லை என்று சத்தியம் செய்தான். இந்தக் காலத்தில் யாருக்குத் தொழில் தெரிகிறது என்று மாஸ்டர் அலுத்துக்கொண்டார்.

அவரிடம் படித்தவர்களில் ஒரு அம்மா வண்ணமீன் கடை வைத்திருந்தார். கண்ணாடித் தொட்டிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு வேன் வாங்கி வைத்திருந்தார். லைசென்ஸ் மட்டும் கிடைத்தபாடில்லை. மூன்று தடவை டெஸ்ட்டுக்குப் போனார், மூன்று தடவையும் ஒரே இடத்தில் தோற்றார். நிறுத்தச் சொன்ன கோட்டைத் தாண்டி ஒரு வண்டி நீளத்துக்குப் போய்த்தான் நின்றார்.

"பயம்மா. எல்லாம் பயம்," என்றார் மாஸ்டர், மூன்றாவது டெஸ்ட் முடிந்து திரும்பும்போது.

"பயமெல்லாம் இல்ல மாஸ்டர். கோடு வந்ததும் வண்டி நின்னுடும்னு இருந்துட்டேன்."

"வண்டி தானா எப்படிம்மா நிக்கும்?"

"உங்க கூட வரும்போது தானாத்தானே நிக்குது?"

பின் சீட்டில் இருந்த இரண்டு மாணவர்கள் வெளியே வேடிக்கை பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மாஸ்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அந்த அம்மாவைக் கடை வாசலில் இறக்கி விட்டவர், ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று கூடவே உள்ளேயும் போனார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளப் போவது அங்கேதான்.

கடையில் தொட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. கீழ் வரிசையில், மூலையில், ஒரு தொட்டி காலியாக இருந்தது. உற்றுப் பார்த்தால் காலி இல்லை; தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஃபில்டர் குழாய்க்குப் பின்னால், விரல் நீளத்தில், வெளிறிப்போன ஒரு குட்டி மீன் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது என்னம்மா, உயிரோட இருக்கா?"

"இருக்கு மாஸ்டர். சிக்லிட்டுன்னு ஒரு ஜாதி மீன். வளர்ந்தா நீலமா, கோடு கோடா, பார்க்க அவ்வளவு அழகா இருக்கும். பெரிய தொட்டியில மத்ததெல்லாம் சேர்ந்து இதைத் துரத்தித் துரத்திக் கடிச்சிருச்சு. அதுலேருந்து வெளியவே வரமாட்டேங்குது. வாங்க வர்றவங்க கண்ணுலயே படல."

"பயமா? என்கிட்ட குடுங்க," என்றார் மாஸ்டர். "என் கோர்ஸ் இருபத்தொரு நாள். இருபத்தொன்னாம் நாள் என் கையிலேருந்து இரை எடுத்துத் திங்கும்."

அந்த அம்மா, வாசலில் வண்டிக்குள் இருந்த மாணவர்களுக்கும் கேட்கும்படி, "திங்கலைன்னா?" என்றார்.

"திங்கலைன்னா நீங்க சொல்றதைக் கேக்குறேன்."

"திங்கலைன்னா, என் வகுப்புல நீங்க காலைத் தூக்கி சீட்டு மேல வச்சு சம்மணம் போட்டு உக்காரணும். அடுத்த டெஸ்ட்டு வரைக்கும், கால் கீழ எறங்கவே கூடாது."

மறுநாள் காலையில் பள்ளி முழுவதும் இதே பேச்சு. முதலாளி தன் அறையிலிருந்து எழுந்து வந்து, "மாஸ்டர், இப்பவே காலை மடக்கிப் பழகிக்குங்க, இந்த வயசுல முட்டி பிடிச்சுக்கும்," என்றார். மாஸ்டர் சிரித்தார். உள்ளுக்குள் சிரிக்கவில்லை. அந்தக் காலை எடுத்துவிட்டால் அவர் அந்த வண்டியில் சும்மா வந்துபோகிற ஆள். அது மற்றவர்களுக்கு வேடிக்கை. அவருக்கு இருபத்தாறு வருட மானம்.

மீனோடு அந்த அம்மா ஒரு கண்ணாடித் தொட்டி, விளிம்பு உடைந்த சின்ன மண்சட்டி ஒன்று, கைப்பட எழுதிய ஒரு குறிப்புச் சீட்டு என மூன்றும் கொடுத்திருந்தார். சட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் மீன் உள்ளே போய் இருந்துகொள்ளும். சீட்டை மாஸ்டர் மேஜை இழுப்பறைக்குள் போட்டார், படிக்கவில்லை. பயத்தைப் பற்றி அவருக்கே ஒரு கடைக்காரம்மா எழுதித் தருவதா?

முதல் நாள் தொட்டியை வரவேற்பறையில், வாசலுக்கு நேர் எதிராக வைத்தார். போகிற வருகிறவர்களைப் பார்த்துப் பழகட்டும் என்பது திட்டம். இரண்டாம் நாள் சட்டியை வெளியே எடுத்தார். "ஒளிய இடம் குடுத்தா ஒளியத்தான் செய்யும். அடிப்படையையே மாத்தணும்." மூன்றாம் நாள் தொட்டிக்கு மேல் ஒரு டியூப் லைட்டைக் கட்டினார். நான்காம் நாள் கண்ணாடியில் மோதிரத்தால் டொக் டொக் என்று தட்டினார். ரோடு என்றால் ஹாரன் இருக்கும், பழகித்தான் ஆக வேண்டும். ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டுக்காரரைக் குடும்பத்தோடு கூப்பிட்டார். ஆறு பேர் தொட்டியைச் சுற்றி நின்று, "எங்கே? எங்கே?" என்றார்கள். மீன் குழாய்க்குப் பின்னால், நனைந்த செய்தித்தாள் நிறத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

பள்ளியில் ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் வருகை அட்டை ஒன்றை மீனுக்கும் போட்டு, தொட்டியின் பக்கத்தில் ஒட்டியிருந்தார். 'நாள் 3: வால் தெரிந்தது. நாள் 4: ஒரு கண் தெரிந்தது. நாள் 5: வருகை இல்லை.'

"அதைக் கொஞ்சம் விட்டுத்தான் பாருங்களேன்," என்றார் மனைவி.

"விட்டா கெட்டுப்போயிடும்."

ஆறாம் நாள், வகுப்புக்கு வந்தபோது கடைக்காரம்மாவே கேட்டார். "சீட்டுல எழுதியிருந்தேனே, கூடவே நாலஞ்சு சின்ன மீன் விட்டீங்களா? அதுங்க வெளிய நிம்மதியா சுத்துறதைப் பார்த்தா, ஆபத்து ஒண்ணும் இல்லைன்னு இதுக்கும் புரியும்."

இது மாஸ்டருக்குப் பிடித்திருந்தது, வேறு காரணத்துக்காக. உடனே, உடம்பில் கோடு போட்ட சின்ன வரி மீன்கள் ஐந்தை வாங்கி வந்து விட்டார். அவை தொட்டியின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் பறந்தன. மாஸ்டர் குழாய்க்குப் பின்னால் குனிந்து, "பார்! பார் அவங்களை! உன் வயசுதானே அவங்களுக்கும்? எப்படி ஓடுறாங்க பார்!" என்றார். உள் அறையில் படித்துக்கொண்டிருந்த மகள் எழுந்து வந்து தன் கதவைச் சாத்திக்கொண்டாள். இந்த வாக்கியத்தை அவள் பள்ளிக்கூட நாட்களிலேயே மனப்பாடம் செய்தவள். பொதுவாக அப்பாவோடு அவள் பேச்சு 'சரி', 'ம்', 'இல்ல' என்ற மூன்று சொல்லுக்குள் முடிந்துவிடும். இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான் என்று மாஸ்டர் முடிவு கட்டியிருந்தார்.

ஒன்பதாம் நாள் அவருக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. அவர் பார்க்க அந்த மீன் ஒரு குருணை இரைகூடச் சாப்பிடவில்லை. போட்ட இரையெல்லாம் வரி மீன்களுக்குப் போனது, மிச்சம் அடியில் ஊறியது. காலையில் வேலைக்குக் கிளம்பியவர் சட்டைப் பித்தானைப் பாதி போட்டபடியே தொட்டிமுன் நின்றுவிட்டார். "ஏன்டா, நான் உனக்கு என்னடா கெடுதல் பண்ணேன்? சாப்பிடுடா," என்று மெதுவாகக் கேட்டார். அவர் மெதுவாகப் பேசினால் பக்கத்து வீட்டுக்கு மட்டும்தான் கேட்கும். பந்தயம் அந்த நிமிடத்தில் அவர் நினைவில் இல்லை. ஒரு சின்ன உயிர் தன்னால் பட்டினி கிடக்கிறதே என்பதுதான் இருந்தது. மனைவி சமையலறை வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போனதும் மேஜை இழுப்பறையைத் திறந்தார்.

பன்னிரண்டாம் நாள் அதிசயம். குழாய்க்குப் பின்னால் தெரிந்த துண்டு உடம்பில் சதை போட்டிருந்தது. லேசாக ஒரு நீலமும் ஏறியிருந்தது. மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. "பயிற்சி உள்ள எறங்கியிருக்கு! வெளிய வர்றதுக்குத்தான் கொஞ்சம் நாள் ஆகும்," என்று அட்டையில் இரண்டு வரி கூடுதலாக எழுதினார். பள்ளியில் முதலாளியிடம் போய், "கால் மேல ஏறாது சார், தலை நிமிரத்தான் போகுது," என்று சொல்லிவிட்டு வந்தார்.

சட்டி விஷயத்தை மட்டும் அவரால் புரிந்துகொள்ள முடியவில்லை. பின்பக்கக் குழாயடியில் போட்டு வைத்த மண்சட்டி, சாயங்காலம் அவர் வரும்போதெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"ஏம்மா, இது எப்படி ஈரமாச்சு?" என்றார் மனைவியிடம்.

"கழுவினேன்."

"சும்மா கிடக்கிற சட்டியை எதுக்குக் கழுவுற?"

"சும்மா கிடந்தா தூசி படியாதா?"

தினமும் கழுவினார் அந்த அம்மாள். இவ்வளவு சுத்தமான பெண்பிள்ளையைக் கட்டியிருக்கிறோமே என்று மாஸ்டருக்குப் பெருமையாக இருந்தது. கார் சீட்டு நகர்ந்தாலும் சட்டி நனைந்தாலும் அவரிடம் தயாராக ஒரு விளக்கம் இருந்தது. இப்படிப்பட்டவர்களை ஏமாற்ற யாரும் மெனக்கெட வேண்டியதில்லை.

இருபதாம் நாள் சனிக்கிழமை. மத்தியான வகுப்புக்கு வர வேண்டியவருக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டார்கள். மாஸ்டர் வீட்டுக்குக் கிளம்பினார். தெருமுனையில் செருப்பு வார் அறுந்தது. இரண்டு செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார். இல்லாவிட்டால் அவர் நடையே நாலு வீட்டுக்குக் கேட்கும். கேட் திறந்து கிடந்தது. வாசல் கதவும் ஒரு கை அகலத்துக்குத் திறந்திருந்தது. உள்ளே கால் வைக்கப் போனவர் அப்படியே நின்றார்.

டியூப் லைட்டின் மேல் ஒரு துண்டு போட்டிருந்தது. தொட்டிக்குள் சாயங்காலம் போல மங்கிய வெளிச்சம். நடுவில் மண்சட்டி சாய்ந்து கிடந்தது. அதன் வாயிலிருந்து அந்த மீன் வெளியே வந்தது, ஒரு சுற்றுச் சுற்றியது, உள்ளே போனது, மறுபடி வந்தது. ஒளிந்துகொள்ள இடம் இருக்கிற தைரியத்தில் வாசலைவிட்டு வெகுதூரம் வந்தது. நீலம் என்றால் அப்படி ஒரு நீலம், அதன்மேல் கறுப்புக் கோடுகள். மனைவி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு விரலைத் தண்ணீருக்குள் விட்டிருந்தார். மீன் நேராக வந்து விரல் நுனியிலிருந்து குருணையைப் பிடுங்கிக்கொண்டு போனது.

பக்கத்தில் தரையில் மகள் உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் கடைக்காரம்மாவின் சீட்டு.

மனைவி மீனைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பார்த்து! பார்த்து! குருணை! குருணை! பயப்படாதே!" என்றார். அச்சு அசல் மாஸ்டரின் குரல். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சுவரில் சாய்ந்து சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் சிரிப்பு தன் சிரிப்பு மாதிரியே இருக்கிறது என்பது மாஸ்டருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நேத்து பாலத்து வளைவுல நல்லா திருப்பினம்மா," என்றாள் மகள். "நீ கியர் மாத்தினதே எனக்குத் தெரியல."

"லைசென்ஸ் வாங்கி எட்டு மாசம் ஆச்சு. இன்னும் திருப்பலைன்னா எப்படி?"

"அப்பாகிட்ட எப்பதான் சொல்லப் போற?"

மனைவி இன்னொரு குருணையை எடுத்தார். மீன் வரும்வரை விரலை அசைக்காமல் வைத்திருந்தார்.

"சொன்னா பக்கத்துல வந்து உக்காருவார். அவர் உக்காந்தா எனக்கு ஓட்ட வராது. இத்தனை நாள் கழிச்சு வந்ததைக் கெடுத்துக்கணுமா?"

"பாவம்மா அப்பா."

"பாவம்தான், யாரு இல்லைன்னா? அவர் மாதிரி நல்ல மனுஷன் எங்க கிடைப்பார்? என்ன, அவர் இருக்கிற இடத்துல இன்னொருத்தர் இருக்க முடியாது. அவ்வளவுதான்."

மாஸ்டருக்கு முதலில் வந்தது கோபம். கார் சீட்டு! அந்தக் கார் சீட்டு! தண்டவாளம் தேய்ந்துவிட்டது என்று மெக்கானிக்கை வாய்க்கு வந்தபடி பேசினோமே! ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன் பெண்டாட்டி இன்னொருத்தரிடம் போய்க் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள். உள்ளே போய் ஒரு சத்தம் போடத்தான் காலைத் தூக்கினார். மீன் அப்போது அவர் மனைவியின் விரல்களுக்கு நடுவே இருந்தது. கால் கீழே பட்டால் அது போய்விடும். மகளின் சிரிப்பும் போய்விடும். தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல், தன் வீட்டு வாசலில், கையில் செருப்போடு, அவர் ஒற்றைக்காலில் நின்றார். கோபம் எந்த வழியாகப் போனதோ போய்விட்டது. அழுகை வந்தது.

ஓசைப்படாமல் பின்வாங்கித் தெருமுனை வரை நடந்தார். பிறகு திரும்பி வந்து, வழக்கம்போல ஒரு செருமல் செருமினார், கேட்டைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார்.

உள்ளே சத்தங்கள் கிளம்பின. துண்டை உருவுகிற சத்தம். தண்ணீர் சளப் என்கிற சத்தம். நாற்காலி இழுபடுகிற சத்தம். பின்பக்கக் குழாயடியில் சட்டி வைக்கிற சத்தம். கடைசியாக மகளின் அறைக்கதவு. சட்டியும் துண்டும் புதுசு. நாற்காலியும் கதவும் அவர் வருடக்கணக்காகக் கேட்டுவந்த சத்தங்கள். வீடு என்றால் இப்படித்தான் சத்தம் போடும் என்று நினைத்திருந்தார்.

"என்ன இவ்வளவு சீக்கிரம்?" என்றார் மனைவி, முந்தானையில் கையைத் துடைத்தபடி.

"வகுப்பு இல்ல." பின்பக்கம் எட்டிப் பார்த்தார். "சட்டி கழுவினியா?"

"ம்."

"நல்லா கழுவு," என்றார்.

மறுநாள் இருபத்தொன்றாம் நாள். கடைக்காரம்மா வந்தார். வேடிக்கை பார்க்க முதலாளியும், பின் சீட்டு மாணவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். மாஸ்டர் சட்டைக் கையை மடித்துவிட்டு, விரலில் குருணையை வைத்து, கையைத் தண்ணீருக்குள் விட்டார். வரி மீன்கள் வந்து முட்டின. சிக்லிட் குழாய்க்குப் பின்னால் இருந்து ஒரு கண்ணால் பார்த்தது. ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. மாஸ்டரின் விரல்கள் ஊறிப்போய்ச் சுருங்கின. "முட்டிக்குத் தைலம் வாங்கியாச்சா மாஸ்டர்?" என்றார் முதலாளி.

அவருக்கு ஒரு வழி இருந்தது. 'என் வீட்டுக் கையில் தின்றால் என் கையில் தின்ற மாதிரிதானே' என்று வாதாடிப் பார்த்திருக்கலாம். வாதாடுவதில் அவரை யாரும் ஜெயித்ததில்லை. ஆனால் அவர் கையை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு வராதும்மா," என்றார். "காலை மடக்கிக்கிறேன்." பிறகு சமையலறை வாசலில் நின்ற மனைவியிடம் திரும்பினார். "அந்தச் சட்டியைக் கொண்டாந்து உள்ள வையி. லைட்டு மேல துண்டைப் போட்டுட்டு, நீ குடு. நான் அந்தப் பக்கம் போயிடுறேன்."

மனைவியின் முகத்தில் ரத்தமே இல்லை. எவ்வளவு தெரியும், எப்போதிலிருந்து தெரியும் என்று அந்த முகம் கேட்டது. மாஸ்டர் சமையலறைக்குள் போனார்.

அங்கே அடுப்பில் விருந்தாளிகளுக்கான பால் இருந்தது. மாஸ்டர் அதன் முன்னால் நின்றுகொண்டு, காது மட்டும் வரவேற்பறையில் இருக்க, மூச்சை அடக்கினார். ரொம்ப நேரம் அங்கே சத்தமே இல்லை. பிறகு கடைக்காரம்மாவின் குரல், மெதுவாக, "அட... வந்துடுச்சே!" என்றது. எட்டிப் பார்க்க மாஸ்டரின் கழுத்து துடித்தது. பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் பால் பொங்கியது. வாழ்நாள் முழுக்க "பால்! பால்!" என்று கத்தியவருக்கு, அடுப்பை எந்தப் பக்கம் திருப்பினால் அணையும் என்று தெரியாது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு, திருகியை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பினார். பால் முழுவதும் வழிந்து முடிந்தபிறகுதான் அடுப்பு அணைந்தது. அன்றைக்கு எல்லாரும் பால் இல்லாத டீ குடித்தார்கள்.

எல்லாரும் போனபிறகு மனைவி அடுப்பைத் துடைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "எப்பலேருந்து தெரியும்?"

"நேத்துலேருந்து."

"எல்லாமுமா?"

"எல்லாமும்தான்."

மாஸ்டரும் ஒரு ஈரத்துணியை எடுத்து அடுப்பின் இன்னொரு பக்கத்தைத் துடைத்தார். அந்த வேலையும் அவருக்குச் சரியாக வரவில்லை.

பந்தயக் கடனைச் சரியாகவே தீர்த்தார். திங்கட்கிழமை காலையில் பள்ளி மைதானத்தில் எல்லாரும் பார்க்க, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கடைக்காரம்மா முதல் நாள் கோட்டைத் தாண்டினார், இரண்டாம் நாளும் தாண்டினார், மூன்றாம் நாள் ஒரு ஆள் நீளத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டார். மாஸ்டர் வாயைத் திறக்கப் போனார். "காலை மட்டும் மடிச்சா எப்படி? அதையும் சேர்த்து மடிங்க," என்றார் அந்த அம்மா. மடித்தார். நான்காவது டெஸ்ட்டில் வண்டி கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அன்று சாயங்காலமே கடை வேன் தெருவுக்குள் வந்து, ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் தன் காரைக் கழுவினார். சீட்டு முன்னால் நகர்ந்திருந்தது. கண்ணாடி குனிந்திருந்தது. இரண்டையும் தொடாமல் சுற்றித் துடைத்தார். துடைத்து முடித்து உள்ளே வந்து, சாவியை மனைவி கையில் வைத்தார்.

"மார்க்கெட்டுக்குப் போகணும்னியே."

மனைவி சாவியை விரலில் மாட்டிக்கொண்டார். "நீங்க எங்க உக்காருவீங்க?"

"பின்னால."

முன் சீட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் மகள் ஏறிக்கொண்டாள். மாஸ்டர் பின் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வண்டி கேட்டைத் தாண்டியது. ரோட்டில் ஏறியது. நூறடி தள்ளி ஒரு நாய், கடக்கலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது. மாஸ்டரின் வலது கால் தானாகச் சம்மணத்தை விட்டு இறங்கி, கீழே கிடந்த கால்மிதியைப் பலம் கொண்ட மட்டும் மிதித்தது. கால்மிதிக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டி வேகத்தைக் குறைத்தது, நாய்க்கு வழி விட்டது, கியரை மாற்றிக்கொண்டு போனது. அவராக இருந்தால் எந்த இடத்தில் மிதித்திருப்பாரோ அதே இடத்தில்தான் மனைவியும் மிதித்தார். அவர் காலை மறுபடி மேலே எடுத்து வைத்துக்கொண்டார்.

பாலத்து வளைவு வந்து, அதுவும் போனது. குனிந்திருந்த கண்ணாடிக்குள் மனைவியின் கண்கள் பின்பக்கம் தேடின.

"என்னங்க, சத்தத்தையே காணோம்? இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றார் மாஸ்டர். முன் சீட்டுக்கு மட்டும் கேட்கிற அளவுக்குச் சொன்னார்.

மகள் சிரித்தாள். அப்பாவுக்குக் கேட்கும்படியாகவே சிரித்தாள்.